மாடியில் விதையிலிருந்து தக்காளி: எப்போது விதைப்பது, நாற்று ஏன் சாய்கிறது, இலை ஏன் சுருள்கிறது?

உறையூர் மாடி

இடம் திருச்சி. திறந்த மொட்டைமாடி, காலை 7 மணியிலிருந்து மாலை 4 வரை நல்ல வெயில். போர் தண்ணீர், காய்ந்தால் வாளியில் வெள்ளைப் படிவு நிற்கும். 12-க்கு 12 அங்குலப் பைகள் பத்து இருக்கின்றன. கீரை, கத்தரி, மிளகாய் எல்லாம் சரியாக வருகின்றன. தக்காளி மட்டும் நிற்பதில்லை.

சமையலுக்கு வாங்கிய தக்காளியின் விதையை ஆடியில் ஒரு தொட்டியில் தூவினால் முளைக்கிறது. பத்து நாளில் நூல் மாதிரி நீண்டு சாய்கிறது. சிலது மண்ணோடு ஒட்டிய இடத்தில் மெலிந்து விழுந்துவிடுகிறது. பிழைத்ததை நட்டால் மூன்று வாரத்தில் கொழுந்து இலை சுருண்டு செடி குட்டையாகிறது. மிச்சம் தப்பியதில் பூ கொட்டுகிறது. காய்த்த ஒன்றிரண்டிலும் அடிப்பாகம் கறுத்துப்போகிறது.

விதைப்பு முதல் காய் வரை அளவுகளோடு யாராவது சொல்ல முடியுமா? வீட்டில் குழந்தைகள் இருப்பதால் விஷ மருந்து அடிக்க விருப்பமில்லை.

நாற்றங்கால்

நீங்கள் சொன்ன ஐந்தும் தனித்தனிப் பிரச்சினை போலத் தெரிந்தாலும், சமவெளித் தக்காளியில் பாதிக்கு மேல் இரண்டு விஷயத்தில் முடிந்துவிடும்: எந்தத் தேதியில் விதைக்கிறோம், முதல் 30 நாள் நாற்றை எங்கே வைத்திருக்கிறோம். இந்த இரண்டும் தவறினால் பஞ்சகவ்யா, மீன் அமிலம் போன்ற இயற்கை ஊக்கிகளை ஊற்றிப் பயனில்லை.

முதலில் தேதி. தக்காளிக்குப் பகல் வெயிலைவிட இரவுச் சூடுதான் எதிரி. இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காமலும் பகல் 35-ஐத் தாண்டியும் இருந்தால் மகரந்தம் வலுவிழக்கும். பூ கருத்தரிக்காமல் காம்போடு கொட்டும். இப்போது உங்கள் ஆடி விதைப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விதைத்து 55 முதல் 60 நாளில் பூ. அதாவது புரட்டாசி. திருச்சியில் அப்போது இரவு இன்னும் புழுக்கம். அதையும் மீறிக் காய் பிடித்தால், காய் பழுக்க இன்னும் 40 முதல் 45 நாள். அது நேராக ஐப்பசி, கார்த்திகை மழையில் போய் விழும். இலைக்கருகலும் பழ வெடிப்பும் அப்போதுதான். ஆடிப்பட்டம் அவரைக்கும் வெண்டைக்கும் சரி, உங்கள் ஊர் தக்காளிக்கு அது பட்டமல்ல.

திருச்சி, மதுரை, தஞ்சை பக்கம் புரட்டாசி கடைசியில் விதையுங்கள், அக்டோபர் முதல் இரண்டு வாரம். நவம்பர் தொடக்கத்தில் நடவு, டிசம்பரில் பூ, பொங்கலுக்கு முதல் பழம், மார்ச் வரை பறிக்கலாம். சென்னையில் மழை அதிகம் என்பதால் இன்னும் ஒரு மாதம் தள்ளி, நவம்பரில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு டிசம்பரில் நடுவது நல்லது.

அடுத்து விதை. கடைத் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதன் விதையில் வரும் செடிகள் ஒன்றுக்கொன்று மாறுபடும். தாய்ச்செடியின் நோய் எதிர்ப்பு எந்தச் செடிக்கு வந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. பத்தே பை இருக்கும்போது இந்தச் சூதாட்டம் வேண்டாம். விதை எடுத்து வைக்க நினைத்தால் பெரியகுளத்தில் வெளியான பி.கே.எம். 1 வாங்குங்கள், குட்டையாக வளர்ந்து நிற்கும், பழம் தட்டை உருண்டை, காம்புப் பக்கம் பச்சை தெரியும், புளிப்பு நன்றாக இருக்கும். இலைச்சுருள் பயம் அதிகமென்றால் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக். இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன் இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் ஒட்டு ரகம் அது. தாங்கும் என்றால் வரவே வராது என்று பொருளில்லை. அதிலிருந்து விதை எடுக்கவும் முடியாது.

இனி நாற்று. தொட்டியில் தூவாதீர்கள். 50 குழிகள் கொண்ட குழித்தட்டு ஒன்று போதும். இல்லாவிட்டால் அடியில் மூன்று துளை போட்ட காகிதக் கோப்பைகள். கலவை: கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 3 பங்கு, சலித்த மண்புழு உரம் 1 பங்கு. ஒரு கிலோ மண்புழு உரத்துக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சணத்தை அடக்கும் நன்மைப் பூஞ்சணம்) கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் ஒரு வாரம் மூடி வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வீட்டில் போட்ட மட்கு உரம் என்றால் சூடு முழுக்க அடங்கி மண் வாசனை வந்த பிறகே நாற்றுக்கு எடுக்க வேண்டும். பாதி மட்கியது நாற்றை அழுகவைக்கும்.

கலவையைக் கையில் பிடித்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், தண்ணீர் சொட்டக்கூடாது. ஒரு குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், மேலே அதே கலவையைத் தூவி லேசாக அழுத்துங்கள். நிறம் பூசிய விதை என்றால் பூஞ்சணக்கொல்லி பூசியது. அதை ஊற வைக்கவோ கழுவவோ வேண்டாம், தொட்ட கையைக் கழுவிக்கொள்ளுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தட்டை ஒரு பாலித்தீன் தாளால் மூடி நிழலில் வைத்தால் 25 முதல் 30 டிகிரியில் 5 முதல் 8 நாளில் முளைக்கும்.

இங்கேதான் பலருக்கும் நாற்று போகிறது. முதல் முளை வளைந்து தலைகாட்டிய அன்றே தாளை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னும் பத்து முளைக்கட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தால் முளைத்ததெல்லாம் நூலாகிவிடும். அப்படி நீண்டதை உரம் கொடுத்துத் தடிமனாக்க முடியாது. முதல் நாளிலிருந்தே காலை வெயில் 3 மணி நேரம் நேராகப் படட்டும். 11 மணிக்கு மேல் 50 சதவீத நிழல்வலை. இரண்டாவது வாரம் வெயில் நேரத்தைக் கூட்டுங்கள். சன்னலோர வெளிச்சம் நமக்குப் போதுமானதாகத் தெரியும், நாற்றுக்குப் போதாது.

மண்ணோடு ஒட்டிய இடத்தில் மெலிந்து விழுவது நாற்றழுகல். பித்தியம் என்ற, பூஞ்சணம் போன்ற நுண்ணுயிரால் வருவது. நெருக்கமாகத் தூவியது, மாலையில் தண்ணீர் விட்டது, காற்று இல்லாதது, இந்த மூன்றும்தான் அதற்கு வழி. காலையில் ஒரு முறை மட்டும் பூவாளியில் தெளியுங்கள். அடுத்த முறை மேல்பரப்பின் நிறம் வெளுத்த பிறகு. விழுந்த நாற்றைப் பக்கத்துக் குழிக் கலவையோடு சேர்த்து எடுத்து எறியுங்கள். முடிந்தவரை நாற்றுக்கு மழைத்தண்ணீர் அல்லது குடிதண்ணீர் கொடுங்கள், உப்புத் தண்ணீரைச் சிறு வேர் தாங்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம்: முளைத்த நாளிலிருந்து நடும் நாள் வரை தட்டு வலைக்குள் இருக்க வேண்டும். நான்கு குச்சி நட்டு 50 மெஷ் பூச்சிவலையைப் போர்த்தி, அடி விளிம்பை மணல் பை வைத்து அழுத்திவிடுங்கள். உங்கள் மாடியில் கத்தரியும் மிளகாயும் இருக்கின்றன. கத்தரி இலைக்கடியில் வெள்ளை ஈ இருக்காமல் இருக்காது. இலைச்சுருள் வைரஸைச் செடிக்குச் செடி பரப்புவது அந்த ஈதான். நாற்றுப் பருவத்தில் வைரஸ் தொற்றினால் அந்தச் செடி காய்க்காது.

உறையூர் மாடி

நன்றி ஐயா. ஒரு சந்தேகம். பழைய கொசுவலை நிறைய இருக்கிறது. அதையே போர்த்தினால் ஆகாதா? நாற்றை எத்தனை நாளில் நட வேண்டும்? என் பைகளில் இப்போது இருப்பது முக்கால்வாசி கோகோபீட், அப்படியே நடலாமா?

நாற்றங்கால்

ஆகாது. வெள்ளை ஈ ஒரு மில்லிமீட்டர்தான், சாதாரணக் கொசுவலையின் கண் வழியே நுழைந்துவிடும். 50 மெஷ் என்றால் ஓர் அங்குலத்தில் 50 கண். மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், ஒரு தட்டுக்கு இரண்டு மீட்டர் தாராளம்.

25 நாளில், நான்கைந்து உண்மை இலை வந்ததும் நடுங்கள். 35 நாளைத் தாண்டிய நாற்றின் வேர் குழிக்குள் சுற்றிக்கொண்டுவிடும். நடுவதற்கு முன் கடைசி ஐந்து நாள் தண்ணீரைக் குறைத்து முழு வெயிலில் வையுங்கள். தண்டு ஊதா கலந்து கெட்டிப்படும். மண் கலவை பற்றிச் செம்மண்சட்டி சொல்லட்டும்.

செம்மண்சட்டி

அக்கா, முக்கால்வாசி கோகோபீட்ல தக்காளி போடாதீங்க. கீரைக்கு ஓடும், இதுக்கு ஓடாது. அது எடை குறைவு, தண்ணி பிடிக்கும், எல்லாம் சரி. ஆனா கழுவாத கோகோபீட்ல சோடியம், பொட்டாசியம் உப்பு நிறைய இருக்கும், அதோட கால்சியத்தைத் தனக்குள்ள பிடிச்சுவெச்சுக்கும். உங்க காய் அடி கறுக்குறதுக்கு அது ஒரு காரணம். மேல காஞ்ச மாதிரி தெரியும், உள்ளே ஈரமா இருக்கும். அதைப் பார்த்து தண்ணி ஊத்தி ஊத்தி வேர் மூச்சு முட்டும்.

ஒரு 12-க்கு 12 பை சுமார் 22 லிட்டர். அதுக்கு என் அளவு: செம்மண் 8 லிட்டர், மண்புழு உரம் இல்லேன்னா நல்லா மட்கின தொழு உரம் 7 லிட்டர், கழுவின கோகோபீட் 5 லிட்டர். மேல ரெண்டு அங்குலம் காலியா விடுங்க. இதோட வேப்பம்புண்ணாக்கு 100 கிராம், ஜிப்சம் 30 கிராம், எலும்புத்தூள் 50 கிராம். ஜிப்சம் உரக்கடையில கிடைக்கும், விலை கம்மி. முட்டை ஓடு போடுறதா இருந்தா மாவா அரைச்சு இப்பவே கலந்துடணும், கரைய மாசக்கணக்கா ஆகும். காய் கறுத்த பிறகு ஓட்டை நொறுக்கி மேல தூவறது எந்த விதத்துலயும் உதவாது. கலவையை ஈரமாக்கி, 15 நாள் நிழல்ல போட்டுவெச்சிட்டு அப்புறம் நடுங்க. வேப்பம்புண்ணாக்கு புதுசா இருக்கும்போது சூடு கிளப்பும்.

கோகோபீட்டைக் கழுவறது ஒரு வாட்டி நனைச்சுப் பிழியறது இல்ல. பெரிய டப்புல ஊற வெச்சு, வடிச்சு, மூணு தடவை தண்ணி மாத்தணும். முதல் தண்ணி கஷாயம் மாதிரி வரும், மூணாவது வெளுத்திருக்கும்.

ஒரு பைக்கு ஒரு செடி. ரெண்டு வெச்சா ரெண்டும் அரைகுறை. செர்ரி தக்காளி மாதிரி கொடியா ஏறுற ரகம்னா 15-க்கு 15 பை எடுங்க, அது 40 லிட்டருக்கு மேல பிடிக்கும். நனைஞ்ச 12 அங்குலப் பை ஒண்ணு 20 கிலோ பக்கம் வரும், அதனால பத்துப் பையையும் மாடி நடுவுல குவிக்காம சுவர் ஓரமா, தூண் வர்ற பக்கமா வரிசையா வைங்க. தளத்துல நேரா வைக்காதீங்க, ரெண்டு செங்கல் மேல வைங்க. வடிகால் துளை அடைக்காது, தளச்சூடும் வேருக்கு ஏறாது.

நடவு சாயங்காலம் 4 மணிக்கு மேல. தக்காளியோட பெரிய வசதி, தண்டு மண்ணுல பட்ட இடமெல்லாம் வேர் விடும். கீழ் ரெண்டு இலையைக் கிள்ளிட்டு, மேல் இலைக்கொத்து மட்டும் தெரியற மாதிரி ஆழமா புதைங்க. கொஞ்சம் நீண்ட நாற்றா இருந்தாலும் இப்படிப் புதைச்சா தேறிடும். கத்தரி, மிளகாயை இந்த அளவுக்குப் புதைக்கக்கூடாது. நட்ட அன்னைக்கே 4 அடிக் குச்சி ஊன்றிடுங்க. வேர் பரவின பிறகு குச்சியைக் குத்தினா வேர் அறுபடும். கட்டுறது சணல் கயிறு இல்லேன்னா பழைய துணிக் கிழிசல், எட்டுப் போட்ட மாதிரி தளர்வா.

தண்ணி: முதல் வாரம் அரை லிட்டர், நவம்பர், டிசம்பர்ல தினம் ஒரு லிட்டர், பூ வந்ததும் வெயிலைப் பொறுத்து ஒன்றரை ரெண்டு லிட்டர். காலையில, வேர்ல மட்டும். இலையை நனைக்காதீங்க. ரெண்டு அங்குலம் காஞ்ச இலைச்சருகு மூடாக்கு போடுங்க. ரெண்டு நாள் விட்டுட்டு மூணாம் நாள் நிறைய ஊத்துறது கூடாது, பழ வெடிப்பும் அடி அழுகலும் அதுலதான் வருது. வெளியூர் போறவங்க இதுக்கு ஒரு சொட்டுநீர்க் குழாய் போட்டுக்கிறது நல்லது.

உங்க போர் தண்ணிக்கு ஒண்ணு சொல்லணும். மாசம் ஒரு தடவை பையிலிருந்து அடியில தாராளமா வடியற அளவுக்கு நல்ல தண்ணி ஊத்தி, சேர்ந்த உப்பைக் கழுவி விடுங்க. பைக்கு பத்து லிட்டர் ஆகும். மழை பெய்யுற மாசத்துல அது தானா நடக்கும்.

கோவை மேற்கு

ஆடியில் தக்காளி வராது என்று எல்லா ஊருக்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஜூலை, ஆகஸ்டில் கோவையில் இரவு 22 டிகிரி வரை இறங்கும். இங்கே வைகாசி, ஆனி விதைப்பு நன்றாகவே காய்க்கும். ஓசூர், கிருஷ்ணகிரி மேட்டு நிலமும் அப்படித்தான். ஆனால் காற்று பலமாக அடிக்கும் மாதங்கள் அவை. குச்சிக்குப் பதில் மூன்று கம்பு நட்டுச் சுற்றிலும் கயிறு கட்டுங்கள், இல்லையென்றால் காய்க்கொத்தோடு கிளை பிளந்துவிடும்.

வேப்பங்கொட்டை

இலை சுருள்வதைப் பற்றி யாரும் விரித்துச் சொல்லவில்லை. இலை சுருண்டாலே வைரஸ் என்று செடியைப் பிடுங்குபவர்களும் உண்டு, வைரஸ் வந்த செடிக்கு இரண்டு மாதம் வேப்பெண்ணெய் தெளித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. நான்கு வகைச் சுருளையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

கீழ் இலைகள், அதாவது வயதான இலைகள், நீளவாக்கில் மேல்நோக்கிக் குழாயாகச் சுருண்டு தடித்துத் தோல் போல இருக்கின்றன. நிறம் பச்சையாகவே இருக்கிறது. கொழுந்து ஒழுங்காக வருகிறது. இது நோயே அல்ல. வெயில், தண்ணீர்க் குறைவு, ஒரேயடியாக இலை கிள்ளியது, இவற்றால் வருவது. மூடாக்குப் போட்டு தண்ணீரைச் சீராக்குங்கள், காய்ப்பு குறையாது.

கொழுந்து இலைகள் மேல்நோக்கிப் படகு போல மடிந்து, இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல மினுக்கினால் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கொழுந்தைத் தட்டுங்கள். மஞ்சளாகவோ கறுப்பாகவோ நூல் துண்டு மாதிரி ஓடும். இலைப்பேனுக்கு நீல ஒட்டும் அட்டை, வெள்ளை ஈக்கு மஞ்சள். இலைப்பேன் பரப்பும் மொட்டுக் கருகல் வைரஸ் வேறு. அதில் கொழுந்தும் தண்டும் பழுப்புக் கோடு விழுந்து கருகும், பழத்தில் வட்ட வட்டமாக மஞ்சள் வளையம் வரும்.

கொழுந்து கீழ்நோக்கி வளைந்து, குறுகி, காம்பு நீண்டு, அடிப்பக்கம் பழுப்புப் பளபளப்பு ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் சிலந்தி. மிளகாய்க்காரர்கள் முரணை என்பார்கள். உங்கள் மிளகாயிலிருந்து வர வாய்ப்பு அதிகம். இதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம், மாலையில். வெயில் 32 டிகிரிக்கு மேல் உள்ள நாளில் அடித்தால் இலை பொசுங்கும். வேப்பெண்ணெய் தெளித்த செடிக்கு இரண்டு வாரம் கழித்தே கந்தகம், இரண்டும் சேர்ந்தாலும் பொசுங்கும். தெளிக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

கடைசியாக வைரஸ். கொழுந்து இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிக் குவிந்து, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, செடியின் தலை புதர் போல நிற்கும். நீங்கள் எழுதியிருப்பது இதுதான். வந்த பிறகு இதற்கு மருந்தே இல்லை. நட்ட 30 நாளுக்குள் வந்தால் தயங்காமல் பிடுங்குங்கள். பிடுங்கும் முன் ஒரு பாலித்தீன் பையைச் செடிமேல் கவிழ்த்து, அப்படியே வேரோடு எடுத்துக் கட்டி வெயிலில் போடுங்கள். வெறுமனே பிடுங்கினால் அதிலுள்ள ஈ எல்லாம் அடுத்த செடிக்குப் பறக்கும். காய் பிடித்த பிறகு நுனியில் மட்டும் வந்தால், கீழே உள்ள காய் பழுக்கும் வரை விடலாம், வெள்ளை ஈ கட்டுக்குள் இருக்கும்பட்சத்தில்.

வைரஸ் ஏறிய ஓர் ஈ அரை மணி நேரம் உறிஞ்சினாலே தொற்றிவிடும். அதனால் ஈயைப் பார்த்த பிறகு தெளிப்பது தாமதம். நட்ட அன்றே பத்துப் பைக்கு இரண்டு மஞ்சள் அட்டை, செடியின் தலை உயரத்தில். செடி வளர வளர அட்டையையும் ஏற்றுங்கள். அட்டையில் பசை காய்ந்து தூசி படிந்தால் மாற்ற வேண்டும். வாரம் ஒரு முறை வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர். எண்ணெயைச் சோப்பில் முதலில் நன்றாக அடித்துப் பால்போல் ஆன பிறகுதான் தண்ணீர் சேர்க்க வேண்டும். நேராக ஊற்றினால் எண்ணெய் மிதந்து, கடைசியில் தெளிக்கும் செடி எண்ணெயில் குளிக்கும். மாலை 5 மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம். கத்தரிக்கும் அதே நாளில் தெளியுங்கள், ஈ அங்கேதான் பெருகுகிறது. முடிந்தால் கத்தரியை மாடியின் மறுகோடிக்கு மாற்றுங்கள்.

இலையில் வெள்ளைக் கோலம் போட்டது போல வளைகோடு வந்தால் இலைத்துளைப்பான், கிள்ளி எறிந்தால் போதும். கோடாக இல்லாமல் திட்டாக வெளுத்து, காயிலும் ஊசித் துளை இருந்தால் அது ஊசிப்புழு. 2014-ல்தான் இந்தியாவில் முதலில் தென்பட்டது. அந்த இலைகளை உடனே எடுத்து எரித்துவிட வேண்டும். இதற்கென்று இனக்கவர்ச்சிப் பொறி கிடைக்கிறது.

உறையூர் மாடி

இப்போது நினைத்துப் பார்த்தால், குட்டையாகி நின்ற செடிகளை மாசக்கணக்கில் வைத்திருந்துதான் மற்றதற்கும் பரவியிருக்க வேண்டும். பூ கொட்டுவதற்குத் தேதி தவிர வேறு காரணம் உண்டா? காய் அடி கறுப்பதற்குச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள், சாம்பலும் போடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

நாற்றங்கால்

பூவுக்கு இன்னும் இரண்டு காரணம். தழைச்சத்து அதிகமானால் செடி கரும்பச்சையாக, தண்டு விரல் தடிமனாக வளரும், பூ நிற்காது. கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுவதாக இருந்தால், முதல் பூங்கொத்து தெரிந்ததும் நிறுத்துங்கள். மற்றொன்று மகரந்தம் உதிராமல் இருப்பது. தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும்; ஆனால் மகரந்தப்பை ஒரு கூம்புக்குள் மூடியிருக்கும், அதிர்ந்தால்தான் உதிரும். கூடு கட்டித் தேன் சேர்க்கும் தேனீயால் அந்த அதிர்வைத் தர முடியாது, கருவண்டு எனப்படும் தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் தரும். உயரமான மாடிக்கு அவை வருவது குறைவு. காலை 9 முதல் 11-க்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் நாலைந்து முறை சுண்டிவிடுங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மழை ஈரம் இருக்கும் நாளில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும், அன்று சுண்டிப் பயனில்லை.

அடி கறுப்பது நோயல்ல, காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராதது. கால்சியம் தண்ணீரோடு மட்டும்தான் ஏறும். இலை நிறைய ஆவியாக்குவதால் பெரும்பங்கை இலை இழுத்துக்கொள்ளும், காய்க்கு மிச்சம்தான். ஒரு நாள் மண் காய்ந்தாலும் முதலில் பாதிக்கப்படுவது காயின் நுனி. ஆக, முதல் மருந்து சீரான தண்ணீர். செம்மண்சட்டி சொன்ன கலவையும் ஜிப்சமும் இரண்டாவது. காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது கால்சியம் குளோரைடு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் 10 நாள் இடைவெளியில் இரண்டு முறை காய் நனையத் தெளிக்கலாம். அதற்கு மேல் அளவு கூட்டினால் இலை ஓரம் கருகும். கறுத்த காயைப் பறித்துவிடுங்கள், அது தேறாது. முதல் கொத்தில் மட்டும் வந்து அடுத்த கொத்துகளில் நின்றுவிடுவதும் வழக்கம்தான்.

செம்மண்சட்டி

சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம் அக்கா. உங்க போர் தண்ணி ஏற்கெனவே காரத்தன்மை, வாளியில நிக்கிற வெள்ளைப் படிவே பெரும்பாலும் சுண்ணாம்புதான். மேலும் ஊத்தினா பி.எச். ஏறி இரும்புச்சத்து பூட்டிக்கும். கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா தெரியும். அதனாலதான் ஜிப்சம் சொன்னேன், அது கால்சியம் தரும், பி.எச்.-ஐ ஏத்தாது. சாம்பலும் அதே காரணத்துக்காக மாசம் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல வேண்டாம்.

கீழ் இலையில நரம்புக்கு நடுவுல மஞ்சள் வந்தா அது மெக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், இலைமேல தெளிப்பு, 15 நாள் இடைவெளியில ரெண்டு தடவை. மேல் இலையா கீழ் இலையான்னு பார்க்காம எல்லா மஞ்சளுக்கும் எப்சம் போடாதீங்க. கீழ் இலையில வளையம் வளையமா பழுப்புப் புள்ளி வந்து சுத்தி மஞ்சளானா அது முன் இலைக்கருகல். அந்த இலையை எடுத்துட்டு, தரையிலிருந்து முதல் 8 அங்குலம் வரை இலை இல்லாம வெச்சுக்கோங்க, மண்ணுல பட்டுத் தெறிக்கிற தண்ணிலதான் அது ஏறுது.

மேலுரம்: நட்ட 20-ஆம் நாள்லேருந்து 15 நாளுக்கு ஒரு தடவை மண்புழு உரம் 200 கிராம், ஓரமா கிளறி மூடணும். பூ வந்த பிறகு தேமோர் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்க வெச்சது) லிட்டருக்கு 10 மில்லி, இல்லேன்னா பஞ்சகவ்யா 30 மில்லி, இலைத் தெளிப்பா. பக்கக்கிளையைக் கிள்ளறது செர்ரி மாதிரி ஏறுற ரகத்துக்கு மட்டும். பி.கே.எம். 1 பக்கக்கிளையிலதான் காய்க்கும், அதைக் கிள்ளினா விளைச்சலைக் கிள்ளின மாதிரி.

விதைப்பெட்டி

பி.கே.எம். 1 அல்லது நாட்டு ரகம் போட்டால் விதை எடுத்துக்கொள்ளலாம். இலைச்சுருள் இல்லாத, இரண்டாவது மூன்றாவது கொத்தில் நன்றாகப் பழுத்த பழத்தைத் தேர்ந்தெடுங்கள். விதையைச் சாறோடு கண்ணாடிக் குவளையில் பிழிந்து, துணியால் மூடி வைத்தால் நம் ஊர் வெக்கைக்கு 24 முதல் 48 மணி நேரத்தில் மேலே வெள்ளை ஆடை படியும். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு கரைந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்கு மேல் விட்டால் குவளையிலேயே முளைக்கும். தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மிதக்கும். காகிதத்தில் காய வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். பீங்கான் தட்டில் நிழலில் ஐந்தாறு நாள், தினம் ஒரு முறை உதிர்த்துவிட்டுக் காய விடுங்கள். காற்றுப்புகாத புட்டியில் குளிர்ச்சியான இடத்தில் மூன்று நான்கு ஆண்டு முளைப்புத் திறன் இருக்கும். புட்டியில் ரகமும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.

பறிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மார்ச்சில் வெயில் ஏறும்போது பழம் செடியிலேயே பழுக்கட்டும் என்று விடாதீர்கள். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, பழம் ஆரஞ்சாகவே நின்றுவிடும். அடியில் இளஞ்சிவப்பு தட்டியதும் பறித்து வீட்டுக்குள் காற்றோட்டமாக வைத்தால் மூன்று நாலு நாளில் முழுச் சிவப்பாகும். பழுக்கும் முன் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம்.

செடி முடிந்ததும் பையைக் கொட்டி வேரைப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்த மண்ணை ஏப்ரல், மே வெயிலில் ஈரப்படுத்தி, தெளிவான பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி ஆறு வாரம் தளத்தில் பரப்பி வையுங்கள். பிறகு ஒரு பட்டம் துலுக்கச் சாமந்தி போடலாம். வெண்டையும் நூற்புழுவுக்குப் பிடித்த செடி, அதை அந்த மண்ணில் போட வேண்டாம். முடிச்சு இல்லாமல், இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று தொங்கிச் செத்திருந்தால், தண்டின் அடியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தப் பையின் மண்ணைக் கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றுக்கும் திரும்பப் பயன்படுத்தக்கூடாது. செடியோடு மாடியிலிருந்து அப்புறப்படுத்திவிட்டு, பையையும் கிளறும் கரண்டியையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி வெயிலில் காய வையுங்கள்.